டான்யூப் நாட்டின் கதை – 17: உறவின் மேல் ஏறிய பாரம்

1986ஆம் ஆண்டில் ஏழு நாடுகளில் ஒரே கேள்வித்தாளை வைத்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அம்மாவை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள், காய்ச்சலில் படுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், கைமாற்று வேண்டுமென்றால் யாரிடம் போவீர்கள், மனம் நொந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்பன போன்ற எளிய கேள்விகள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகியவற்றோடு ஏழாவதாக ஹங்கேரியும் இருந்தது. சொந்தக்காரர்களை நேரில் பார்ப்பதிலும் அவர்களை நம்பியிருப்பதிலும் இத்தாலியும் ஹங்கேரியும் மற்ற நாடுகளை விட்டு விலகி முன்னே நின்றன. இத்தாலியைப் பற்றி யாரும் வியக்கவில்லை. அது கத்தோலிக்க நாடு. மணமுறிவுச் சட்டமே அங்கே 1970இல்தான் வந்தது. ஹங்கேரியின் நிலை வேறு. 1985இல் அங்கே பதிவான திருமணங்கள் ஏறத்தாழ 73,000. அதே ஆண்டில் மணமுறிவுகள் 29,000. ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. சொந்தபந்தத்தோடு இவ்வளவு நெருங்கி வாழும் ஒரு சமூகத்தில் கணவனும் மனைவியும் ஏன் இவ்வளவு எளிதில் பிரிகிறார்கள்? நவீன வாழ்க்கை உறவுகளைத் தளர்த்திவிட்டது என்ற வழக்கமான விளக்கம் இங்கே உதவாது. தளர்ந்திருந்தால் முதல் கணக்கு பொய்யாக வேண்டும். இரண்டு கணக்குகளும் உண்மை என்றால் அவற்றுக்குப் பின்னால் ஒரே காரணம் இருக்க வேண்டும். கடந்த 200 ஆண்டுகளில் ஹங்கேரியின் பொருளாதாரம் ஒவ்வொரு முறை புரண்டபோதும், வேறு யாரோ சுமந்துகொண்டிருந்த பாரம் ஒன்று குடும்பத்தின் மேல் இறக்கப்பட்டது. உறவுகள் முறிந்த இடங்களில் பெரும்பாலானவற்றில், அவை தாங்கும் அளவை மீறிச் சுமந்ததே காரணம் என்பது என் வாதம்.

பழைய குடியானவர் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஹெவெஷ் மாவட்டத்தின் ஆட்டான் கிராமத்தில் எடித் ஃபேல், டாமாஷ் ஹோஃபர் என்ற இரு இனவரைவியலாளர்கள் 1951 முதல் பல ஆண்டுகள் ஆய்வுசெய்து 1969இல் வெளியிட்ட நூல், ஐரோப்பியக் குடியானவர் வாழ்க்கையைப் பற்றிய மிக நுணுக்கமான பதிவுகளில் ஒன்று. அங்கே வீடு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது. ஆண்கள் அடுப்பு மூட்டிய மாட்டுத் தொழுவத்தில் மாலைகளைக் கழித்து, கால்நடைகளின் பக்கத்திலேயே உறங்கினார்கள். வடக்கு மலைப் பகுதியின் பாலோட்ஸ் கிராமங்களில் மணமான பெண்கள் கடும் பனிக்காலத்திலும் சூடில்லாத சரக்கறையில் படுத்தார்கள். கணவன் தொழுவத்திலிருந்து அங்கே வந்து போவான். மனைவி கணவனை மரியாதைச் சொல்லால் அழைப்பாள், கணவன் அவளை ‘நீ’ என்பான். பிள்ளைகள் பெற்றோரை ‘நீ’ என்று சொல்ல முடியாது. பணமும் சாவியும் குடும்பத் தலைவனிடம், சமையலறை மாமியாரிடம், மருமகள் எல்லோருக்கும் கீழே. இன்றைய கண்ணுக்கு இது இறுக்கமான, அன்பு குறைந்த வாழ்க்கையாகத் தெரியலாம். ஆனால் ஃபேலும் ஹோஃபரும் காட்டிய இன்னொரு பக்கம் உண்டு. ஒரு மனிதனைத் தாங்கிப் பிடிக்கப் பல கைகள் இருந்தன. தந்தைவழிப் பங்காளிகள் ஒரு வட்டம். தேவாலயத்தில் குடும்பம் குடும்பமாக இருக்கை வரிசை. பிள்ளையின் ஞானப் பெற்றோராக நின்றவர்கள் ‘கோமா’ என்ற பெயரில் வாழ்நாள் முழுவதும் துணை. இளம்வயது நட்புகள் பல இந்தச் சடங்கின் வழியே உறவாக மாறின. தொழுவத்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த ஆண்கள் ஒரு வட்டம், பனிக்கால இரவுகளில் நூல் நூற்கக் கூடிய பெண்கள் ஒரு வட்டம். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எல்லாமாகவும் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிலத்தைச் சேர்த்து உழுதார்கள், பிள்ளை வளர்த்தார்கள். பேச்சுக்கும் கண்ணீருக்கும் கடனுக்கும் வேறு வேறு வாசல்கள் இருந்தன.

நிலமில்லாதவனுக்கு இந்த ஏற்பாடு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னும் நாட்டின் விளைநிலத்தில் கணிசமான பங்கு பிரபுக்களிடமும் தேவாலயத்திடமும் இருந்தது. ‘புஸ்டா’ எனப்பட்ட பண்ணைகளில் வருடக் கூலிக்குக் கட்டுப்பட்ட குடும்பங்கள் நீண்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தன. பல குடும்பங்களுக்கு ஒரே சமையலறை. அத்தகைய குடியிருப்பில் பிறந்த கவிஞர் டியூலா இய்யேஷ் 1936இல் எழுதிய ‘புஸ்டாவின் மக்கள்’ நூல், பண்ணை அதிகாரியின் கை அந்தக் குடும்பங்களின் படுக்கையறை வரை நீண்டதை மறைக்காமல் சொன்னது. தனக்கென்று ஒரு கதவு இல்லாதவனின் தாம்பத்தியம் எப்படியிருக்கும் என்ற கேள்வியை ஹங்கேரி பின்னர், நகர அடுக்குமாடிகளில், மறுபடியும் சந்திக்க நேர்ந்தது.

நிலம் வைத்திருந்தவனின் துயரம் வேறு உருவத்தில் வந்தது. அதன் மிகக் கொடிய உதாரணம் தென்மேற்கே, திராவா ஆற்றங்கரையில், ஓர்மான்ஷாக் என்ற பகுதியில் நடந்தது. அங்கே கால்வினிய மதத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஹங்கேரிய மொழியில் இதற்கு ‘எத்கே’ என்று தனிப்பெயரே உண்டு. பரன்யா மாவட்ட மருத்துவர் மிக்ஷா ஹோல்ப்லிங் 1845லேயே, அந்தப் பகுதிப் பெண்கள் கர்ப்பத்தைத் தவிர்ப்பதையும் கலைப்பதையும் எழுதிவைத்தார். 20ஆம் நூற்றாண்டில் சமூகவியலாளர் ருடோல்ஃப் ஆண்டோர்கா தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, வய்ஸ்லோ, பெஷெந்த்ஸே போன்ற கிராமங்களில் 18ஆம் நூற்றாண்டு முடிந்து 19ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலத்திலேயே பிறப்புக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டதைக் கண்டார். கருத்தடை மருந்துகள் வருவதற்கு 150 ஆண்டுகள் முன்பு! காரணம் நிலம். சுற்றிலும் பெரிய பண்ணைகள். காட்டை வெட்டியோ சதுப்பைத் திருத்தியோ புதிய வயல் சேர்க்க வழி அடைபட்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் என்றால் நிலம் பாதி, பேரப்பிள்ளைகள் காலத்தில் கால். 1840ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவர் சொத்தில் பெண் பிள்ளைகளின் பங்கையும் உறுதிசெய்தபோது அந்த அச்சம் கூடியது. ஆனால் அச்சத்தின் விலையை நிலம் தரவில்லை, மருமகள் தந்தாள். அவள் எத்தனை பெறலாம் என்பதை வீட்டின் மூத்த பெண்கள் முடிவுசெய்தார்கள். இரண்டாவது கர்ப்பம் வெட்கக்கேடு. கருவைக் கலைக்க மருத்துவச்சி செலுத்திய நூற்புக் கதிரால் உயிரிழந்தவர்கள் உண்டு. மாமியார் மருமகள் உறவு, தாய் மகள் உறவு, கணவன் மனைவி உறவு எல்லாவற்றுக்குள்ளும் ஏக்கர் கணக்கு நுழைந்து உட்கார்ந்துகொண்டது. இய்யேஷ் 1933இல் இதை எழுதி நாட்டையே உலுக்கினார்.

இதற்கு மதமே காரணம் என்று அன்று பலரும் வாதிட்டார்கள். கத்தோலிக்கப் பாதிரியார் பாவமன்னிப்புக் கூண்டில் கேட்கும் கேள்வியைக் கால்வினியப் போதகர் கேட்பதில்லை, அதனால்தான் இந்தத் துணிச்சல் என்றார்கள். அதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். ஆனால் நாட்டின் வடகிழக்கே, டிஸா ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்தவர்களும் அதே கால்வினியர்தாம். அவர்கள் வீடுகளில் பிள்ளைகள் நிறைய. மறுபுறம், ஷார்கோஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் ஆற்றுச் சீரமைப்பால் வளமான நிலம் கிடைத்துச் செழித்த குடும்பங்களும் ஒற்றைப் பிள்ளையோடு நின்றன. மிச்சப்பட்ட செல்வம் பட்டுப் பாவாடைகளாகவும் பூவேலைகளாகவும் அந்த ஒற்றைப் பெண்ணின் மேல் ஏறியது. அருங்காட்சியகங்களில் இன்று நாம் வியந்து பார்க்கும் அந்த ஆடைகள் பிறக்காத தம்பி தங்கைகளின் பங்கிலிருந்து நெய்யப்பட்டவை. மதம் அனுமதித்திருக்கலாம், கட்டளையிட்டது சொத்துதான்.

1945இல் அந்தச் சொத்து ஒழுங்கு ஒரே வசந்தத்தில் தகர்ந்தது. சுமார் 32 லட்சம் ஹெக்டேர் நிலம் எடுக்கப்பட்டு, ஏறக்குறைய 6,40,000 குடும்பங்களுக்கு அதில் பெரும்பகுதி பங்கிடப்பட்டது. பண்ணைக் கூலிக்காரனின் மகனும் நிலக்காரனின் மகளும் சமமாக நிற்கக்கூடிய ஒரு கிராமம் பிறக்கும் என்ற நம்பிக்கை சில ஆண்டுகள் உண்மையாகவே இருந்தது. 1946இல் முறைபிறழ்ந்து பிறந்த பிள்ளை என்ற பாகுபாட்டைச் சட்டம் நீக்கியது. 1947இல் குலப் பட்டங்களும் ‘மேன்மை தங்கிய’ வகை விளிப்புகளும் ஒழிந்தன. 1952ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் மனைவியைக் கணவனுக்குச் சமமாக்கியது. இவை நல்ல சட்டங்கள். அவற்றைக் கொண்டுவந்த ஆட்சியின் மற்றக் குற்றங்களைச் சொல்லி இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதே ஆட்சி, குடும்பத்துக்கும் அரசுக்கும் நடுவே இருந்த எல்லாவற்றையும் வெட்டியது. சங்கங்கள் கலைக்கப்பட்டன, கத்தோலிக்க இளைஞர் இயக்கம் 1946இல் தடைசெய்யப்பட்டது, அதற்கு எதிர்ப்பக்கம் நின்ற மக்கள் கல்லூரி இயக்கம்கூட 1949இல் மூடப்பட்டது, 1950இல் துறவியர் சபைகள் ஒரு சில விலக்குகளோடு கலைக்கப்பட்டன. வசதியான குடியானவர்களைக் ‘குலாக்’ என்று பட்டியலிட்டபோது அந்த வீட்டில் பெண் எடுப்பது ஆபத்தாயிற்று. தானிய ஒதுக்கீட்டைக் கொடுக்காதவன் வீட்டுப் பரண் துடைப்பத்தால் பெருக்கப்பட்டது. யார் உளவு சொல்கிறார் என்று தெரியாத ஊரில் தொழுவத்து அடுப்பைச் சுற்றி மனம்விட்டுப் பேச முடியாது. பேச்சு வீட்டுக்குள் ஒடுங்கியது. அதுவரை பல வாசல்கள் வழியே போய்வந்த மனச்சுமை இனி ஒரே வாசல் வழியே வர வேண்டியதாயிற்று.

அந்த வாசலுக்குள்ளும் அரசு நுழைந்தது. 1950களின் தொடக்கத்தில் அன்னா ராட்கோ சுகாதார அமைச்சராக இருந்தபோது கருக்கலைப்புத் தடை கடுமையாக்கப்பட்டது, பிள்ளையில்லாதவர்களுக்கு வரி விதிக்கப்பட்டது. 1954இல் 2,23,000 குழந்தைகள் பிறந்தன. 1956 ஜூனில் தடை நீங்கியதும் எண்ணிக்கை சரிந்து, 1962இல் 1,30,000 ஆயிற்று. ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. உலகில் அன்று அதைவிடக் குறைந்த அளவு எந்த நாட்டிலும் இல்லை. 1960கள் முழுவதும் கருக்கலைப்புகள் பிறப்புகளைவிட அதிகம். ஓர்மான்ஷாக் கிராமத்தில் மாமியார் எடுத்த முடிவை இப்போது அமைச்சகம் எடுக்க முயன்றது, தோற்றது. பெண்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். ஆனால் எந்த நிலையில்? சிறு அறையில், இரண்டு பேர் சம்பளத்திலும் போதாத வாழ்க்கையில்.

1959 முதல் 1961 வரை நடந்த கூட்டுப்பண்ணைமயம் நிலத்தை ஏறத்தாழ முழுதாகக் குடும்பத்தின் கையிலிருந்து எடுத்தது. இங்கேதான் என் வாதத்துக்கு உண்மையான சோதனை. நிலம்தான் உறவுகளை இறுக்கியது என்றால், நிலம் போனதும் அவை தளர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கூட்டுப்பண்ணை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு துண்டை விட்டுவைத்தது. கம்யூனிஸ்ட் தலைவர் காடாரின் ஆட்சி, ‘அரசியலில் தலையிடாதே, உன் முற்றத்தில் நீ சம்பாதித்துக்கொள்’ என்று மௌனமாக ஒப்பந்தம் பேசியது. 1970களில் நாட்டின் பன்றிகளில் ஏறக்குறைய பாதி அந்த முற்றங்களில் வளர்ந்தன. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம், பிறகு காய்கறிக் கூடாரத்தில் நான்கு மணி நேரம் என்று கணவனும் மனைவியும் பாட்டனும் பேரனும் உழைத்தார்கள். புது வீடு கட்ட வங்கிக் கடன் கொஞ்சம், மீதி கை உழைப்பு. ‘கலாகா’ என்ற பழைய பரிமாற்று உழைப்பு முறை, கூரைக்கும் சுவருக்கும் மாமன் மச்சானையும் நண்பர்களையும் கூட்டி வந்தது. இதை விரிவாக ஆராய்ந்த எண்ட்ரே ஷிக், அந்த உதவிகள் இலவசம் இல்லை என்பதைக் காட்டினார். யார் எத்தனை சனிக்கிழமை வந்தார் என்பது நினைவில் இருக்கும். அவர் வீடு கட்டும்போது அத்தனை சனிக்கிழமை திருப்ப வேண்டும். கல்யாணங்கள் சிறுத்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1970, 80களின் கிராமத்துக் கல்யாணங்களுக்குப் பல நூறு பேர் வந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் மணப்பெண்ணோடு ஒரு சுற்று ஆடுவதற்கு ஒவ்வொரு விருந்தாளியும் பணம் வைத்தார். அந்த மொய்தான் புது வீட்டுக்குக் கல்லும் சிமென்ட்டும் ஆயிற்று. பின்னால் ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்திலும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். பன்றி அறுத்த நாளில் உறவினர் வீடுகளுக்கு ஒரு தட்டு அனுப்பும் வழக்கம் நகரத்துப் பேருந்துகளில் ஏறிப் பயணம் போனது. 1986 கணக்கெடுப்பில் தெரிந்த நெருக்கம் இதுதான். அதில் பாசம் இருந்தது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வங்கி, தொழிற்சங்கம், சந்தை, சங்கம் எல்லாம் வேறு நாடுகளில் செய்த வேலையை அங்கே மாமனும் மச்சானும் செய்தார்கள்.

நகரத்தில் பாரம் வேறு முகம் காட்டியது. போருக்குப் பின் புடாபெஸ்டின் பெரிய வீடுகள் பல குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, அன்னியர்கள் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஸபோல்ச் மாவட்டத்திலிருந்து ‘கறுப்பு ரயில்’ என்று மக்கள் பெயரிட்ட வண்டிகளில் வந்த தொழிலாளிகள் வாரம் முழுவதும் விடுதியில் படுத்து, சனி ஞாயிறு மட்டும் கணவர்களாகவும் தந்தையராகவும் இருந்தார்கள். 1960இல் அறிவிக்கப்பட்ட 15 ஆண்டுத் திட்டம் 10 லட்சம் வீடுகளைக் கட்டிமுடித்தது என்பது பெரிய சாதனை. வார்ப்புப் பலகைகளால் எழுப்பிய அந்த அடுக்குமாடிகளில் பல லட்சம் பேர் முதல்முறையாகக் குளியலறை கண்டார்கள். ஆனாலும் காத்திருப்புப் பட்டியல் குறையவில்லை. இளம் தம்பதி மாமனார் வீட்டின் ஒற்றை அறையில் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கினார்கள். பேலா டார் தம் முதல் படமான ‘குடும்பத் தீக்கூட்டில்’ காட்டியது இதையே: கணவன் ராணுவச் சேவையில் இருக்க, மனைவி குழந்தையோடு மாமனார் வீட்டு நெரிசலில் மாட்டிக்கொள்கிறாள். வீடு கிடைத்த பிறகும் தீராத சோர்வை அவரே 1982இல் ‘பலகைவீட்டு உறவு’ படத்தில் எடுத்தார். பிரிந்த பின்னும் துன்பம் விடவில்லை. போக இடமில்லாததால் மணமுறிவு பெற்றவர்கள் ஒரே வீட்டை நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தபடி, சமையலறையைப் பகிர்ந்து, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

இந்தச் சுமையில் பெண்ணின் பங்கு எவ்வளவு என்று அளந்தவரும் ஒரு ஹங்கேரியரே. ஷாண்டோர் ஸலாய் 1960களில் 12 நாடுகளில் மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று பதிவுசெய்யும் ஆய்வை வழிநடத்தினார். ஹங்கேரியில் ஜியோர் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சம்பள வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து கிழக்கு ஐரோப்பாவின் வேலைபார்க்கும் பெண்களுக்கு ஓய்வு நேரத்தை ஏறத்தாழ விழுங்கிவிட்டதை அந்த ஆய்வு காட்டியது. 1967இல் அரசு பிள்ளை வளர்ப்பு உதவித்தொகையைக் கொண்டுவந்தது. மாதம் 600 ஃபோரின்ட் வாங்கிக்கொண்டு தாய், குழந்தைக்கு முதலில் இரண்டரை, பிறகு மூன்று வயதாகும்வரை வீட்டில் இருக்கலாம். லட்சக்கணக்கான பெண்கள் அதை நன்றியோடு ஏற்றார்கள். ஆனால் பலகை வீட்டின் எட்டாம் மாடியில், அக்கம்பக்கம் யாரும் தெரியாமல், குழந்தையோடு மூன்று ஆண்டுகள் இருப்பது ஒரு புதிய தனிமை. பாட்டி நூல் நூற்கப் போன வட்டம் பேத்திக்கு இல்லை. அவள் மனம்விட்டுப் பேச ஒருவன் மட்டுமே இருந்தான். அவனோ இரண்டாவது வேலையிலிருந்து இரவு பத்து மணிக்கு வந்தான். மணமுறிவு கேட்டு நீதிமன்றம் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது எனக்கு வியப்பாக இல்லை. ஆண்களும் தப்பவில்லை. 1960களின் நடுவிலிருந்து ஹங்கேரிய ஆண்களின் சராசரி ஆயுள் குறையத் தொடங்கியது. அமைதிக் கால ஐரோப்பாவில் இது அரிது.

இரண்டு மறுப்புகளை இங்கே எதிர்கொள்ள வேண்டும். முதலாவது: தொழில்மயமான எல்லா நாடுகளிலும் மணமுறிவு கூடியது, ஹங்கேரியில் தனியாக என்ன? உண்மைதான். ஸ்வீடனிலும் கூடியது. ஆனால் அங்கே பிரிந்த பெண்ணுக்கு வாடகை வீடும் குழந்தைக் காப்பகமும் சங்கங்களும் இருந்தன, பிரிவு ஒரு தெரிவாக நடந்தது. உறவினரைச் சார்ந்திருப்பதும் அதே வேகத்தில் குறைந்தது. ஹங்கேரியில் சார்ந்திருப்பது குறையாமலே பிரிவு கூடியது. அந்த முரணை ‘நவீனமயம்’ என்ற ஒற்றைச் சொல் விளக்காது. இரண்டாவது மறுப்பு கனமானது: ஹங்கேரியரிடையே மணமுறிவு பழையது, டிரான்சில்வேனியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே மதம் மாறி மணமுறிவு பெறும் வழி பெயர்பெற்றிருந்தது, 1895இல் நாடு முழுவதும் அரசுப் பதிவுத் திருமணமும் மணமுறிவும் வந்துவிட்டன. ஆம், ஆனால் அந்த வழியில் போனவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். கூட்டுப்பண்ணைக் கிராமத்தையும் ஆலைத் தொழிலாளியையும் தொட்டது 1950களுக்குப் பிறகுதான். பழமை என்ற இதே காரணத்தால் இன்னொரு சாட்சியை நான் கூப்பிடவில்லை. 1980களின் நடுவில் ஹங்கேரியின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 45ஐத் தொட்டது, உலகிலேயே முதல் இடம். என் வாதத்துக்கு அது கைகொடுப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்த விகிதம் 19ஆம் நூற்றாண்டிலேயே உயர்ந்திருந்தது. தென்கிழக்குச் சமவெளியில் அதிகம், வடமேற்கில் குறைவு என்ற அதே வரைபடம் ஆட்சிகள் மாறியும் மாறவில்லை. அதன் வேர்கள் வேறு எங்கோ இருக்கின்றன.

1990க்குப் பின் சந்தை வந்தபோது, குடும்பம் மூச்சுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். சில ஆண்டுகளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் மறைந்தன. 1991இல் விலைவாசி 35 சதவீதம் ஏறியது. ஓஸ்ட் நகரின் இரும்பாலை போன்றவை நின்றபோது சம்பளத்தோடு ஆலை விடுதியும் ஆலை மருத்துவரும் விடுமுறை இல்லமும் ஆலைத் தோழமையும் போயின. மிகக் கொடிய அடி ரோமா மக்களுக்கு. இஷ்த்வான் கெமேனி 1971இல் ஆய்வுசெய்தபோது ரோமா ஆண்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. 1993இல் மறுபடி எண்ணியபோது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆலையில் அருகருகே நின்ற கைகள் விலகின. கலந்து வாழ்ந்த ஊர்களிலும் பள்ளிகளிலும் பிரிவினை தடித்தது. ஒரு சமூகம் இன்னொன்றோடு கொண்டிருந்த அன்றாடப் பழக்கம் எவ்வளவு தூரம் வேலையில் தங்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அதே 1993இல் ஆண்களின் சராசரி ஆயுள் 64.5 ஆண்டுகளாக வீழ்ந்தது. பிறகு கடன் வந்தது. 2004 முதல் 2008 வரை லட்சக்கணக்கான குடும்பங்கள் ஸ்விஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் வாங்கின. வங்கிகள் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் சகக் கடனாளிகளாகக் கையெழுத்திட வைத்தன, அவர்கள் வீடுகளையும் ஈடாக எடுத்தன. 2008இல் சுமார் 160 ஃபோரின்டாக இருந்த ஃபிராங்க் 2011இல் 240ஐத் தாண்டியபோது, அடுத்தவர் கடனில் தம் வீட்டை இழக்க நேர்ந்த தாய்தந்தையர் பலர். முன்பு சனிக்கிழமை உழைப்பால் வீடு கட்டிக்கொடுத்த உறவு இப்போது பத்திரத்தால் கட்டப்பட்டது. உழைப்புக் கடனைத் தாமதமாகத் திருப்பலாம், மன்னிக்கவும் செய்யலாம். வங்கிப் பத்திரத்துக்கு அந்த நெகிழ்வு இல்லை.

திருமணமும் இந்தக் கணக்கிலிருந்து விலகவில்லை. 1975இல் ஒரு லட்சத்தைத் தாண்டிய திருமணங்கள் 2010இல் 35,500 ஆகக் குறைந்தன. 2015 வாக்கில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி மணமாகாத தாய்மார்களுக்குப் பிறந்தவை. சேர்ந்து வாழ்வதை மக்கள் விட்டுவிடவில்லை, பதிவுசெய்வதில் பயன் காணவில்லை. பிறகு 2019 ஜூலையில் அரசு, மணமான தம்பதிக்கு வட்டியில்லாமல் ஒரு கோடி ஃபோரின்ட் வரை கடன் தரத் தொடங்கியது. ஐந்து ஆண்டுக்குள் குழந்தை பிறக்காவிட்டால் வட்டிச் சலுகை போய்விடும். மூன்று பிறந்தால் கடனே தள்ளுபடி. 2021இல் திருமணங்கள் 72,000. மணமாகாதோர் பெற்ற குழந்தைகளின் பங்கு வெகுவாக இறங்கியது. நாடு ஒழுக்கத்துக்குத் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் பிறப்புக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்கான சராசரி 2011இல் 1.2ஐ ஒட்டியிருந்து 2021இல் 1.6ஐ நெருங்கியது, 2024இல் மறுபடி 1.4 அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டுத் திருமணங்கள் 50,000க்கும் கீழே. கடன் கல்யாணத் தேதியை முன்னே இழுத்தது, அவ்வளவே. ஓர்மான்ஷாக்கில் நிலம் கர்ப்பத்தைத் தடுத்தது, இங்கே கடன் அதை அவசரப்படுத்துகிறது. பிள்ளை எப்போது என்ற இருவர் பேச்சில் மூன்றாமவர் உட்கார்ந்திருப்பது மட்டும் மாறவில்லை. வேண்டிப் பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கும் உதவியை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த உதவி உழைப்பின் சுமையையோ வீட்டு நெரிசலையோ தனிமையையோ பகிர்வதில்லை. தம்பதியின் பேரில் இன்னொரு பொறுப்பை எழுதுகிறது.

முதியோர் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. 2012இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, தேவைப்படும் பெற்றோரைக் கவனிப்பது வளர்ந்த பிள்ளைகளின் கடமை என்று எழுதியது. உறவினரைப் பராமரிக்கும் கடமை 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. புதிதானது அது நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஏறியதுதான். ஆனால் 2011 மே மாதத்தில் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் தம் வேலைச் சந்தையை முழுதாகத் திறந்தபின் லட்சக்கணக்கான ஹங்கேரியர் அங்கே உழைக்கிறார்கள். வியன்னாவில் முதியவர்களைப் பராமரிக்கும் ஹங்கேரியப் பெண்ணின் தாய் ஊரில் தனியாக இருக்கிறாள். அவளைப் பார்ப்பது மகளின் கடமை என்று சட்டம் சொல்வதால் மகள் வந்துவிட முடியாது. நாட்டின் வடகிழக்கே போர்ஷோட் மாவட்டத்தின் நலிந்த சிற்றூர்களில் 1990இல் வேறொரு விடை முளைத்தது. பெர்டாலான் கெமேனி என்பவரின் முயற்சியில் உருவான ‘ஊர்க் காப்பாளர்’ பணி அது. மக்கள்தொகை குறைந்த ஊருக்கு ஒரு சிறு வேனும் அந்த ஊரிலேயே வாழும் ஒரு ஊழியரும். முதியவருக்கு மருந்தும் மதியச் சாப்பாடும் கொண்டுவருவது, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, பனிக்காலத்தில் விறகு பிளந்து கொடுப்பது என்று சொந்தக்காரர் செய்யும் வேலைகளை அவர் சம்பளத்துக்குச் செய்கிறார். 1993ஆம் ஆண்டு சமூக நலச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இந்தப் பணி நடக்கிறது. இது வந்ததால் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டார்கள் என்று யாரும் காட்டவில்லை. மகள் கிறிஸ்துமஸுக்கு வியன்னாவிலிருந்து வரும்போது விறகும் மருந்தும் ஏற்கெனவே வீட்டில் இருக்கும். அந்த மூன்று நாளும் அவள் தாயோடு உட்கார்ந்து பேசலாம்.